ஜெர்மனிக்குப் போய்விட்ட சீட்டு

பெரியவளே, சின்னவனே, ரெண்டு பேரும் டிவியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். அப்பா பத்தாவதுக்கு மேல் போகவில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் சிவப்புப் பேனாவால் திருத்தலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். விஷயத்தில் மட்டும் கை வைக்காதே. விஷயம் நடந்தது நடந்தபடி இருக்கிறது.

போன வாரம் எங்கள் கம்பெனிப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போனோம் இல்லையா? பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பத்துப் பதினைந்து அக்காமார்கள் வந்து சின்னவன் கன்னத்தைக் கிள்ளி, "டேய் ஜெர்மனி! இன்னாடா இவ்ளோ வளந்துட்ட? இன்னொரு பீஸ் வெச்சிக்கோடா ஜெர்மனி!" என்று இலையில் கறியை அள்ளிப் போட்டார்கள். பஸ்ஸில் வரும்போது நீ கேட்டாய், "நான் எப்பப்பா ஜெர்மனி போனேன்?" என்று. உங்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் அப்புறம் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் கத்திச் சொல்கிற கதை இல்லை இது. இந்தப் பேர் உனக்கு வந்ததில் ஒரு அக்காவின் வேலையே போக இருந்தது. அந்த நேரத்தில் உங்கப்பா ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தான். அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

முதலில் என் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கூல் ஃபாரத்தில் "தனியார் நிறுவனம்" என்று எழுதிவிடுகிறீர்கள், அதில் ஒன்றும் விளங்காது. எங்கள் ஷூ கம்பெனியில் ஒரு பெரிய ஹால். அதன் நடுவில் ஒரு கன்வேயர், மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள். ஷூ ஒவ்வொரு மேஜையாக நின்று, ஒட்டி, துடைத்து, பாலிஷ் ஏறி, லேஸ் கட்டிக்கொண்டு கடைசியில் என்னிடம் வரும். நான் இடது காலையும் வலது காலையும் சேர்த்து வைத்து அளவு, கலர், உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். சரியாக இருந்தால் உள்ளே டிஷ்யூ பேப்பரைத் திணித்துப் பெட்டிக்குள் வைப்பேன். ஜோடி சேர்ப்பது என்று இதற்குப் பேர். லைனில் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் பெண்கள். அதனால் பேச்சுக்கு ஒரு நாளும் பஞ்சமில்லை.

ஆனால் பேசக்கூடாது என்பது சட்டம். மேஜையை விட்டு எழுந்து போகவும் கூடாது. எழுந்தால் சூப்பர்வைசரிடம் சிவப்பு டோக்கன் வாங்க வேண்டும். நாற்பது பேருக்கு இரண்டே டோக்கன். செல்போன் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சாயந்திரம்தான் கைக்கு வரும்.

பேசக்கூடாது என்றால் நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? கன்வேயரே எங்களுக்குத் தபால். மேல்முனையில் இருப்பவர் கீழ்முனைக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஷூவுக்குள் போட்டுவிடுவார். எப்போதும் இடது கால் ஷூவில்தான். அது யார் வைத்த வழக்கம் என்று தெரியாது, நான் சேரும்போதே இருந்தது. சீட்டு மட்டுமா? தலைவலி மாத்திரை வரும், ஹேர்பின் வரும். ரம்ஜான் முடிந்த மறுநாள் ஒருமுறை ஆற்காட்டு இனிப்பு, மக்கன் பேடா ஒன்று பாலித்தீன் கவரில் சுற்றிக்கொண்டு எட்டாம் நம்பர் ஷூவில் உட்கார்ந்து மகாராஜா மாதிரி வந்தது. எனக்கு வரவேண்டியது, நடுவில் பாலிஷ் மேஜையில் பாதி காணாமல் போயிருந்தது. கடைசியில் இருக்கும் நான் எல்லா இடது ஷூவிலும் விரலை விட்டுப் பார்த்துத்தான் பெட்டியில் வைப்பேன். அது என் வேலையில் எழுதாத ஒரு பகுதி.

மேல்முனையில் ஷூவுக்குள் மெத்தைத் தோல் ஒட்டுகிற மேஜையில் ஒரு அக்கா. இந்தக் கதை அவருடையதுதான். பதினெட்டு வருஷ சர்வீஸ். புருஷன் இல்லை. ஒரே பெண், அப்போது வேலூரில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை ஒன்றை வைத்துத்தான் அக்கா அந்தப் பெண்ணை அது வரைக்கும் கொண்டுவந்திருந்தார். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றால், "இன்னா சார், நிழல் வுழுது, தோல் கலர் தெரியல, நவுருங்க" என்பார். அவரும் நவுருவார்.

சின்னவனே, நீ பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில் நான் அன்றைக்கு வேலைக்குப் போனேன். வெளிநாட்டுக்குக் கன்டெய்னர் கிளம்புகிற நாள். அந்த மாதிரி நாளில் எங்கள் ஹாலில் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி இருக்கும், எல்லாரும் எல்லாரையும் விரட்டுவார்கள். பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆள் அன்றைக்கு வரவில்லை. காலையிலேயே சூப்பர்வைசர் வந்து, "நீ போய் ஸ்டிக்கர் மேஜையில் உட்காருப்பா, ஜோடி சேர்க்கிறதுக்கு வேற ஆள் போடறேன்" என்றார். ஸ்டிக்கர் மேஜை சுவரோரம், தூணுக்குப் பின்னால். பெட்டி மேல் பச்சை வட்ட ஸ்டிக்கர், அதில் ஓகே என்று அச்சடித்திருக்கும். ஒட்டு, தள்ளு, ஒட்டு, தள்ளு. அவ்வளவுதான். என் இடத்தில் வேறு லைனிலிருந்து ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். இடது ஷூவில் தபால் வரும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதரைக்கு உங்கம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. உங்க பாட்டி, அதாவது என் மாமியார், அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். கேட்டில் இருந்தவர் ஒரு பாய். நல்ல மனுஷர். அவசரம் என்று வந்தால் அவர் ஒரு சீட்டில் எழுதி எச்.ஆர். ரூமில் கொடுக்கவேண்டும், எச்.ஆர். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும், சூப்பர்வைசர் நம்மிடம் சொல்லவேண்டும். பாய் எழுதி, அவரே ஓடிப்போய் எச்.ஆர். கையில் கொடுத்திருக்கிறார். எச்.ஆர். ஒரு சின்ன வயசு சார், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கன்டெய்னர் போகிற நாளில் லைனில் ஆள் குறையக்கூடாது என்று மேலேயிருந்து அவருக்கு உத்தரவு. சீட்டை வாங்கி, காகிதம் பறக்காமல் மேஜையில் வைக்கிற கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்துவிட்டு, மத்தியானம் சொல்லிக்கலாம் என்று மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு லீவு லெட்டர் கொடுக்க அந்த ரூமுக்குப் போயிருக்கிறார். கண்ணாடிக் குண்டு வழியாகப் பார்த்தால் எழுத்து பெரிசாகத் தெரியும். என் பேரும் "மனைவி, பிரசவ வலி" என்பதும் அக்கா கண்ணில் பெரிசாகத் தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தார். என்னிடம் நேரே வரவேண்டும் என்றால் நாற்பது மேஜையைத் தாண்டவேண்டும், சூப்பர்வைசர் நடுவில் நிற்கிறார். அவருக்குத் தெரிந்தால் கன்டெய்னர் போகிற வரைக்கும் என்னை விடமாட்டார் என்று அக்கா நினைத்தார். அதனால் வழக்கமான வழியையே எடுத்தார். மெத்தைத் தோலுக்கு மேல் ஒட்டியிருக்கிற மஞ்சள் காகிதத்தைக் கிழித்து எழுதினார்:

"தம்பி, ஒம் பொண்டாட்டிக்கு வலி வந்து இட்னு போய்ட்டாங்க. இவனுங்க சொல்ல மாட்டானுங்க. உடனே ஓடு."

இடது ஷூவில் போட்டார். ஷூ கிளம்பியது. தூணுக்குப் பின்னால் நான் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் இடத்துப் பையன் ஷூவை எடுத்தான், ஜோடி பார்த்தான், டிஷ்யூ பேப்பரைத் திணித்தான், பெட்டியை மூடினான். அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. நானே என் கையால் அதன் மேல் ஓகே ஸ்டிக்கர் ஒட்டிக் கன்டெய்னருக்குத் தள்ளிவிட்டேன்.

அக்கா பத்து நிமிஷம் பார்த்தார், நான் ஓடுகிற மாதிரி தெரியவில்லை. மாதிரி என்ன, ஆளையே காணோம். சரி, கிளம்பிவிட்டான் என்று நிம்மதியாக வேலையைப் பார்த்திருக்கிறார்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. கேன்டீனில் உட்கார்ந்து நான் டிபன் பாக்ஸைத் திறந்து சாம்பார் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"அடப்பாவி! பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்கறா, நீ இங்க சாம்பார் பெசஞ்சினு கீறியா!"

கேன்டீன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன். கையில் சாதம்.

"இன்னாக்கா சொல்றீங்க?"

"சீட்டு அனுப்பினனே!"

"எந்தச் சீட்டு?"

அக்கா தலையில் கையை வைத்தார். அப்புறம் வைத்த கையை எடுத்து என் முதுகில் ஒன்று வைத்தார். "அத அப்பறம் பேசிக்கலாம். ஓடுறா!"

ஓடினேன். கேட்டில் வெளியே போகவேண்டும் என்றால் கேட்பாஸ் வேண்டும், அதில் மூன்று கையெழுத்து. மூன்று பேரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். பாய் என் முகத்தைப் பார்த்தார். "இப்பத்தான் சொன்னாங்களா? நான் ஒம்பதரைக்கே குடுத்துட்டேனே!" என்று பேஜாராகிப்போய், கையெழுத்தே கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். அதோடு விடவில்லை, தன் மொபெட் சாவியையும் என் கையில் திணித்தார். "ஜல்தி போ. பிரேக் கொஞ்சம் கம்மியா பிடிக்கும், பாத்துக்க."

பிரேக் சுத்தமாகப் பிடிக்கவே இல்லை என்பது ரயில்வே கேட்டில்தான் தெரிந்தது. அதை இப்போது விட்டுவிடுவோம்.

நான் போய்ச் சேரும்போது நீ பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வார்டு வாசலில் உங்க பாட்டி நின்றுகொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க மாப்ள. டார்கெட் முடிஞ்சிச்சா?" என்றார்.  உள்ளே போனேன். உங்கம்மா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது பாட்டி சொன்னதைவிடப் பெரிசாக இருந்தது. பெரியவளே, உனக்கு அப்போது நாலு வயசு, கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாய். "பாப்பா வந்து ரொம்ப நேரம் ஆச்சு" என்று நீதான் என்னிடம் விவரம் சொன்னாய்.

நர்ஸம்மா குழந்தையைக் கொடுத்தார். சின்னவனே, சிரிக்காதே, நான் முதலில் உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழு வருஷப் பழக்கம். துணியை விலக்கி இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அளவு சரி, கலர் சரி, ஜோடி சரி. அப்புறம்தான் முகம். திருப்பிக் கொடுத்தபோது நர்ஸம்மா, "இன்னா சார் இது?" என்று உன் துணியிலிருந்து எதையோ உரித்துக் காட்டினார். என் சட்டையில் ஒட்டியிருந்த ஓகே ஸ்டிக்கர் உன் துணிக்கு மாறியிருந்தது. அப்போதுதான் உங்கம்மா முதல் தடவை சிரித்தாள். தையல் வலிக்கிறது என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

இதோடு முடிந்திருந்தால் கதை இல்லை. உனக்கு மூன்று மாசம் ஆனபோது கம்பெனியில் ஒரு திங்கட்கிழமை கன்வேயரை நிறுத்தினார்கள். கன்வேயர் நின்றால் எங்களுக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும். பெரிய மேனேஜர் வந்து நின்றார், பக்கத்தில் எச்.ஆர். சார். அவர் கையில் பெரிசாக்கிப் பிரின்ட் போட்ட ஒரு படம். அக்காவின் சீட்டு.

நடந்தது இதுதான். கப்பலில் போன அந்த ஷூவை ஜெர்மனியில் ஒருவர் வாங்கியிருக்கிறார். காலை விட்டால் விரலில் ஏதோ இடிக்கிறது. எடுத்தால் புரியாத எழுத்து. அவர் அதைப் படம் எடுத்துப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறார். நம் அக்காவின் கொச்சைத் தமிழைப் போன் என்னத்தைப் புரிந்துகொள்ளும்? வலி, கொண்டுபோய்விட்டார்கள், சொல்லமாட்டார்கள், ஓடு. இவ்வளவுதான் காட்டியிருக்கிறது. அந்த மனுஷர் பயந்துபோய்விட்டார். இந்தியாவில் யாரையோ அடைத்துவைத்து ஷூ தைக்கிறார்கள் என்று நினைத்துக் கடைக்கு எழுத, கடை எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனிக்கு எழுத, அங்கிருந்து எங்கள் மேனேஜருக்குக் கடுதாசி. யார் எழுதியது, ஏன் எழுதினார்கள், இரண்டு நாளில் பதில் வேண்டும்.

"யாரு எழுதினதுன்னு இப்பவே சொல்லிட்டா நல்லது" என்றார் மேனேஜர். "ஷூக்குள்ள வேற பொருள் போட்டா வேலையிலேர்ந்து அனுப்பலாம்னு ரூல் இருக்கு, தெரியுமில்ல?"

 அக்கா தன் கை விரலில் இருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.  சொன்னால் நான் கேட்பாஸ் இல்லாமல் போனது வெளியே வரும், பாய் கேட்டைத் திறந்ததும் வரும். வீட்டில் மூன்று மாசக் குழந்தை. நான் தரையைப் பார்த்தேன். எழுதும்போது இப்போதும் அந்தத் தரை கண்ணுக்குத் தெரிகிறது.

எச்.ஆர். சாருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, அதே வரியை எழுதச் சொன்னார். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் போகிறாராம். அப்போது நம்ம லைன் பெண்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். ஒருத்தி இடது கையால் எழுதினாள். ஒருத்தி, "சார், ஒம் பொண்டாட்டின்னு எழுத எனக்கு வெக்கமா கீது, வேற வரி குடுங்க" என்றாள். இன்னொருத்தி, "வலிக்கு எந்த ல சார்?" என்று நாலு தடவை கேட்டாள். கடைசியில் பத்தாவது, பன்னிரண்டாவது பாஸ் பண்ண பெண்கள் ஏழெட்டுப் பேர், "எங்களுக்கு எழுதத் தெரியாது சார்" என்று கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருத்தி பி.காம். எச்.ஆர். சார் அந்த நீல மை விரலடையாளங்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆனால் மேனேஜர் சிரிக்கவில்லை. "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் டைம். அதுக்குள்ள ஆள் வர்லன்னா இந்த லைனையே கலைச்சு ஆளுக்கொரு பக்கம் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கி நானே போய்ச் சொல்லிட்றேன்."

"வேலை போய்டுமேக்கா."

"போனா போவுது. பொண்ணு படிப்பு முடிய இன்னும் ஏழு மாசம்தான், எதனா ஒரு கம்பெனில ஏறிக்குவேன். நீ வாயத் தெறக்காத. கொழந்த வெச்சிருக்க." சொல்லிவிட்டு என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஒம் பொண்டாட்டி உப்பு கம்மியாவே போட்றா."

ஐம்பது வயசு நெருங்குகிறவரை எந்தக் கம்பெனி புதிதாக எடுக்கும்? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் சரி என்று தலையாட்டினேன். பிள்ளைகளே, அந்தத் தலையாட்டலைத்தான் நான் முதலில் சொன்ன ஒரு நாள் என்கிறேன்.

கம்பெனியை மொத்தமாகக் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. பக்கத்து குடோனில் ஒருமுறை தீப்பிடித்தபோது இதே மேனேஜர் கடைசி ஆள் வெளியே வரும் வரைக்கும் வாசலில் நின்று தலை எண்ணினார், அவர் கார் உள்ளேயே நின்றது. பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம் எங்கள் தெருவுக்கே டிராக்டர் அனுப்பினார்கள், வேலைக்குக் கூட்டிப்போக. சாயந்திரம் திரும்பக் கொண்டுவிட டிராக்டர் வரவில்லை. கேட்டால், "அதுக்குள்ள தண்ணி வடிஞ்சிருக்கும்" என்றார்கள். முட்டி வரைக்கும் வடியாத தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தோம். எல்லாருக்கும் ஆபத்து என்றால் அவர்களுக்குப் புரிந்துவிடும். ஒருத்தனுக்கு மட்டும் ஆபத்து என்றால் அது மத்தியானம் வரைக்கும் காத்திருக்கலாம் என்று தோன்றிவிடும். நான் பார்த்த வரைக்கும் அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயந்திரம் உங்கம்மாவிடம் எல்லாம் சொன்னேன். உன்னைத் தொடையில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "எனக்கு வலி வந்த சேதி ஜெர்மனி வரைக்கும் போயிருக்கு, உனக்கு வர்ல" என்றாள். ஆறு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்புறம் உன்னைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"அந்தச் சீட்டு யாருக்கு எழுதினது?"

"எனக்கு."

"அப்ப நீதான போய் வாங்கிக்கணும்? அவங்க எதுக்குப் போறாங்க?"

 நிமிர்ந்து பார்த்தேன், அவள் அதற்குள் வெந்நீர் எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலை ஆரம்பித்ததும் சிவப்பு டோக்கன் வாங்கிக்கொண்டு நேரே மேனேஜர் ரூமுக்குப் போனேன். எச்.ஆர். சாரும் இருந்தார். ஆர்டர் சம்பந்தமாக வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுகிற நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். அதில் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியிலிருந்து, ஜெர்மனியில் இருக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா, நரைத்த முடி, கண்ணாடி. பதில் கேட்டு அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சட்டையாவது வேறு போட்டுக்கொண்டு போயிருப்பேன்.

"இன்னாப்பா?" என்றார் மேனேஜர்.

"சார், அந்தச் சீட்டு எனக்கு வந்தது சார். வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

 லேப்டாப்பில் அந்த அம்மா ஏதோ கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க இன்னா சொன்னீங்கன்னு கேக்கறாங்க. முழுசாச் சொல்லுங்கண்ணா, நான் அப்படியே சொல்றேன்" என்றாள். சொன்னேன். வலி வந்தது, போன் வந்தது, சீட்டு குண்டுக்கு அடியில் இருந்தது, இன்னொரு சீட்டு ஷூவில் போனது, நானே ஓகே ஸ்டிக்கர் ஒட்டியது, கேட்பாஸ் இல்லாமல் ஓடியது. பாய் பேரை மட்டும் விட்டுவிட்டேன், நானே கேட்டைத் தள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னேன். அந்தக் கேட்டைத் தனி ஆளாகத் தள்ள முடியாது என்பது மேனேஜருக்குத் தெரியும். அவர் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

"எழுதினது யாரு?" என்றார்.

"அத நான் சொல்ல மாட்டேன் சார். எனக்கு வந்தத மட்டும்தான் நான் சொல்லலாம்."

அப்போது கதவு திறந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார். பின்னால் சூப்பர்வைசர் மூச்சு வாங்கிக்கொண்டு, "டோக்கன் இல்லாம எழுந்து வந்துட்டாங்க சார்!" என்றார்.

"ரெண்டே டோக்கன் வெச்சிருக்கீங்க, ஒண்ணு இந்தத் தம்பிகிட்ட, ஒண்ணு பாத்ரூம்ல" என்றார் அக்கா. "நான்தான் சார் எழுதினேன். எழுதினதுல இன்னா தப்பு? வலிக்கு எந்த ல போடணும்னு எனக்குத் தெரியும், கரெக்டாத்தான் போட்ருக்கேன்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் அப்படியே சொன்னாள். வெள்ளைக்கார அம்மா ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்வி, குழந்தை நல்லா இருக்கா? நல்லா இருக்கான் என்றேன். அக்கா குறுக்கே விழுந்து, "சூப்பரா கீறான், இவர மாதிரி இல்ல, அவங்கம்மா மாதிரி" என்றார். இரண்டாவது கேள்வி: ஒரு மனைவியின் சேதி புருஷனுக்கு ஏன் ஷூவுக்குள் வரவேண்டியிருந்தது?

அதை அந்தப் பெண் அப்போது தமிழில் சொல்லவே இல்லை, அப்புறம்தான் எங்களிடம் சொன்னாள். எங்களுக்குத் தெரிந்த கேள்விதானே. மேனேஜரைப் பார்த்து இங்கிலீஷிலேயே திருப்பிச் சொன்னாள். மேனேஜர் எச்.ஆர். சாரைப் பார்த்தார். எச்.ஆர். சார் மேஜையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. பாவம், அவருக்கு அப்போது காது வரைக்கும் சிவந்துபோயிற்று.

எழுதினவர் வேலையில் கை வைக்கக்கூடாது, கை வைக்கவில்லை என்று எழுத்தில் வேண்டும் என்று அந்த அம்மா சொன்னாராம். சீட்டைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்கச் சொன்னார். வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நம்ம வீட்டு பீரோவில் இருப்பது அந்தப் பிரின்ட் படம்தான், அசல் ஜெர்மனியில் இருக்கிறது.

அக்காவின் வேலை தங்கியது. ஆனால் கம்பெனி கம்பெனிதானே. மறுநாள் காலையில் ஷூவுக்குள் காகிதம் போட்டதற்காக அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. அன்றைக்கு மத்தியானமே, சக ஊழியருக்கு உதவியதற்காக ஒரு ஸ்வீட் பாக்ஸும் வந்தது. இரண்டிலும் ஒரே எச்.ஆர். கையெழுத்து. அக்கா மெமோவை விரித்து அதன் மேல் ஸ்வீட்டை வைத்து லைன் முழுக்கப் பங்கு போட்டார். எனக்கும் மெமோ வந்தது, ஸ்வீட் வரவில்லை. பாய்க்கு ஒன்றும் வரவில்லை. மொபெட்டுக்கு பிரேக் மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே ஹால் நடுத்தூணில் ஒரு பச்சைப் போன் மாட்டினார்கள். கேட்டுக்கு அவசரம் என்று எந்தப் போன் வந்தாலும் பாய் நேரே இதில் அடிக்கவேண்டும், பக்கத்தில் இருக்கிறவர் எடுத்து ஆளைக் கூப்பிட்டுவிடவேண்டும், யார் கையெழுத்தும் வேண்டாம். மேலே ஒரு போர்டு, "உங்கள் குடும்பம் எங்கள் குடும்பம்" என்று. எச்.ஆர். சார் கேக் வெட்டினார், போட்டோ எடுத்தார்கள். அக்காவைப் போன் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். "சிரிங்கக்கா" என்றதற்கு, "மெமோ குடுத்தப்பவே சிரிச்சிட்டேன் சார், அதையே வெச்சிக்கோங்க" என்றார். அன்றைக்குத்தான் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு ஒருத்தி கேட்டாள், "ஜெர்மனி எப்படி கீறான்?" என்று. சின்னவனே, அதுதான் உன் பேர்.

மணி அடித்து எல்லாரும் கேன்டீனுக்குப் போனார்கள். நான் போகவில்லை. சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே வேலையாகிவிட்டவனுக்குப் புதுப் போனைச் சோதிக்காமல் விட மனசு வராது. போன் ஒயர் தூணைச் சுற்றி அலமாரிக்குப் பின்னால் போயிற்று, அந்தப் பக்கம் எங்கே சேர்கிறது என்று தெரியவில்லை. ஹாலில் யாரும் இல்லை, கன்வேயர் நின்றிருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். கொர்ரென்று சத்தம் வந்தது, லைன் இருக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றேன். யாரோ கேக் கையால் தொட்டிருந்தார்கள், பாலிஷ் துணியை எடுத்து ரிசீவரைத் துடைத்து வைத்தேன். சட்டைப் பையில் ஒரு பச்சை ஓகே ஸ்டிக்கர் இருந்தது. போனைக் கொஞ்சம் தூக்கி, யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்தில் அதை ஒட்டி, கட்டை விரலால் நன்றாக அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.